வளைகிற மூட்டை மேலும் வளைக்க வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சிறுவயதிலிருந்தே கட்டைவிரலை மடக்கினால் முன்கையில் தொடும். இப்போது துணி காயப்போடக் கையை உயர்த்தினாலே தோள் நழுவுகிறது, கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: சூப் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் குடலிலேயே செரித்து அமினோ அமிலங்களாகிவிடும். நேரே மூட்டில் போய் ஒட்டாது. பெரும்பாலும் இந்தத் தளர்வு பிறவியிலேயே வருவது. மூட்டைக் கட்டியிருக்கும் நார்களை எந்த உணவாலும் இறுக்க முடியாது. அந்த வேலையைச் சுற்றியுள்ள தசைகளுக்குக் கொடுக்கலாம். நம் கையில் இருப்பது அதுதான்.

மகள் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கால் வில்போலப் பின்னால் வளைந்திருந்தால், துளி மடக்கி நிற்கப் பழக்குங்கள். தோளுக்கு: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையால் கதவு நிலையை 5 விநாடி அழுத்தட்டும், கை அசையக்கூடாது. பத்து முறை போதும். வலித்தால் நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பலன் தெரிய மாதங்களாகும். யோகா, நடனம் தொடரலாம். ஆனால் மூட்டு போகும் கடைசி எல்லைவரை வளைக்கக் கூடாது.

வர்ம ஆசான்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அவர்கள்மேல் எனக்கு மதிப்புண்டு. இருந்தும் இவளுடைய மூட்டை வெடுக்கென்று இழுத்துத் திருப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே தளர்ந்த நார் இன்னும் நீளும்.

சாப்பாட்டில், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) குவியலாகவும் மீன் இரண்டு துண்டாகவும் இருப்பதுதான் நம் வழக்கம். மரச்சீனியில் மாவுச்சத்தே அதிகம், தசைக்கு வேண்டிய புரதம் மீனில் இருக்கிறது. சாளையோ நெத்திலியோ கூட்டுங்கள். கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. கொய்யாவையும் நெல்லிக்காயையும் வேகவைக்காமல் தின்னட்டும். எழுந்தவுடன் தலைசுற்றுகிறதா? தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். உப்பைக் கூட்டுவது மருத்துவர் சொன்னால் மட்டும்.

ஒன்றில் தாமதம் வேண்டாம். மூட்டைத் தளர்த்தும் பிறவி நோய்கள் உண்டு. அவற்றில் ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற நோயில் மட்டும் 13 வகைகள் என 2017-இல் வகுத்தார்கள். சிலவற்றில் இரத்தக் குழாயே பலவீனமாக இருக்கும். காரணமின்றி உடம்பில் கன்றிப்போகிறதா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா, மகள் மிக உயரமாய், விரல்கள் நீண்டு, கண்பார்வைக் கோளாறோடு இருக்கிறாளா? ஒன்றிருந்தாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இதய மருத்துவரிடமோ காட்டி, எக்கோ (இதய ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு உறவினர்கள் வரும்போது கட்டைவிரலை வளைத்துக் காட்டும்படி அவளிடம் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.