கணக்கில் வராத சம்பளம்

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. அதை ஏய்க்க, ஓர் அணி வேறொரு நிறுவனத்தின் வழியாக வீரருக்குப் பணம் கொடுத்தால், எழுத்துபூர்வ ஆதாரம் இல்லாமல் அதை நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியும். லீகும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே சூழ்நிலைச் சாட்சியத்தையும் ஏற்கிறது. திரைமறைவில் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று கருதினாலன்றி ஒரு வீரரின் ஒப்பந்தத்துக்கு நியாயமான விளக்கம் தர இயலாது என்றால், அதுவும் சாட்சியமே.

ஆயினும் மிகக் கடுமையான தண்டனை விதிக்கப்பட்ட வழக்கில் சிக்கியது காகிதம்தான். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி, ஜோ ஸ்மித்தைச் சந்தை மதிப்பைவிடக் குறைந்த சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தங்களில் ஆட வைத்து, பிறகு சொந்த வீரரை உச்சவரம்பைத் தாண்டியும் தக்கவைக்க உதவும் விதிவிலக்கின்கீழ்ப் பெருந்தொகை தருவதாக இரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தது. வீரர்களின் முகவர்கள் இருவருக்கிடையே நடந்த வழக்கில் அது அம்பலமானது. 2000ஆம் ஆண்டில் லீகின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று வாய்ப்புகள் ஐந்தையும் பறித்தார். அவற்றில் சில பின்னர் திருப்பித் தரப்பட்டன.

இத்தகைய காகிதத்தை இன்று யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. 2025 செப்டம்பரில் எழுந்த குற்றச்சாட்டைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் கவாய் லெனர்டுக்கு ஆஸ்பிரேஷன் என்ற நிறுவனம் 2.8 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம் அளித்தது என்றும், அதற்காக அவர் செய்த விளம்பரம் எதுவும் கண்ணில் படவில்லை என்றும், அவர் அணியை விட்டு விலகினால் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் செய்தி வெளியானது. அணியின் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் அந்நிறுவனத்தில் 5 கோடி டாலர் முதலீடு செய்திருந்தார். அணி குற்றச்சாட்டை மறுத்தது. லீக் விசாரணையைத் தொடங்கியது.

இவற்றுள் என் பார்வையில் கனமானது, அணியை விட்டு விலகினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற பிரிவுதான். விளம்பரதாரருக்கு வீரரின் புகழ்தான் தேவை என்றால், அவர் எந்த அணிக்கு ஆடுகிறார் என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டும். உள்ளூர் அணியின் பெயரோடு இணைந்த விளம்பரத்தில் அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம் என்பதால், அந்தப் பிரிவு மட்டுமே குற்றத்தை நிறுவிவிடாது. உரிமையாளரின் முதலீடும் தனியாக எதையும் நிறுவாது. ஒப்பந்தத்தை ஏற்பாடு செய்தவர்கள் அணியினர், அல்லது அவர்கள் அறிந்தே அது நடந்தது என்ற கண்ணியை மின்னஞ்சல்கள், பணம் கைமாறிய தேதிகள், நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களின் வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கொண்டு கோக்க வேண்டும். தண்டிப்பதானால் நிரூபிக்கும் பொறுப்பு லீகினுடையது என்று இப்போதைய ஆணையர் ஆடம் சில்வர் கூறியது சரியே. வரம்புக்குள் நிற்பதற்காக நல்ல வீரர்களை விட்டுக்கொடுத்த மற்ற அணிகளுக்கும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதுவே நீதி.