பீங்கான் படிப்பைப் பற்றிக் கேட்ட ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் உங்கள் மகள் பீங்கான் தொழில்நுட்பத்தை முதலிடத்தில் வைக்க விரும்புவதாகவும், "சட்டி பானை செய்யவா பெண்ணை இன்ஜினீயரிங் படிக்க வைக்கிறீர்கள்?" என்று உறவினர் ஒருவர் கேட்டது முதல் உங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பாதிக் குழப்பத்துக்கு அந்தப் படிப்பின் பெயரே காரணம். பீங்கான் என்றதும் நமக்குத் தேநீர்க் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும்தான் நினைவுக்கு வருகின்றன.

சில நாட்களுக்கு முன் என் கைபேசி கீழே விழுந்து உயிரிழந்தது. பழுதுபார்க்கும் இளைஞர் அதன் மின்பலகையில் ஆல்கஹாலைத் தடவிவிட்டுக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்தார். பலகை முழுவதும் ஈரமாக இருக்க, ஒரே ஓர் இடம் மட்டும் சட்டென்று உலர்ந்தது. "இந்த கண்டென்சர்தான் சார், ஷார்ட் ஆகியிருக்கு" என்று சொல்லி, இடுக்கியால் ஒன்றை எடுத்துக் காட்டினார். அது கசகசாவைவிடச் சிறியது. பாடநூல் மின்தேக்கி என்றும் கடைத்தெரு கண்டென்சர் என்றும் அழைக்கும் அந்தத் துணுக்கு பெரும்பாலும் பீங்கானால் ஆனது. பலகை வளைந்தபோது, எந்தப் பீங்கானும் உடைவதைப் போல, அதுவும் விரிசல் விட்டிருந்தது. உயர்விலைக் கைபேசி ஒன்றில் இத்தகைய மின்தேக்கிகள் ஏறத்தாழ 1000 இருக்கும். உங்கள் மகள் படிக்க விரும்பும் படிப்பின் ஒரு கிளை இதில்தான் போய் முடிகிறது.

இந்தத் தொழிலை வளர்த்தவர்களுள் ஒருவரான ஜப்பானியர் அகிரா முராட்டாவின் வாழ்க்கையை, உங்கள் நிலையில் இருக்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்வதுண்டு. 1921-இல் பிறந்த அவர், உடல்நலக் குறைவால் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். கியோட்டோ நகரில் அவருடைய தந்தை பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவந்தார். வியாபாரத்தைப் பெருக்க மகன் துடித்தபோது, விலையைக் குறைத்து அடுத்தவருடைய வாடிக்கையாளரை இழுத்தால் தொழிலில் உள்ள மற்றவர்களுக்குத் தொல்லை, நமக்கும் லாபம் இராது என்று தந்தை தடுத்தார். அப்படியானால் பிறர் செய்யாத பொருளைச் செய்வதுதான் வழி என்று மகன் முடிவு செய்தார். மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனத்தின் தேவைக்காக டைட்டானியம் ஆக்சைடு மின்தேக்கி செய்யும் வேலை கிடைத்ததும், 1944 அக்டோபரில், போர் உச்சத்தில் இருந்த காலத்தில், பழைய சாயப் பட்டறை ஒன்றில் தனித் தொழிலைத் தொடங்கினார். 1950-இல் அது முராட்டா நிறுவனமாகப் பதிவாயிற்று. பட்டம் இல்லாத அவர் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம், கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுரோ டனாகாவை அணுகி, பேரியம் டைட்டனேட் என்ற புதிய பொருளில் இறங்கியதுதான் என்பேன்.

அந்தப் பொருளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை எண்களே சொல்லும். மின்னூட்டத்தைத் தேக்கும் திறனுக்கு அடிப்படையான மின்கடத்தா மாறிலி மைக்காவுக்கு 6 அல்லது 7. டைட்டானியம் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 100. பேரியம் டைட்டனேட்டிலோ அது ஆயிரத்தைத் தாண்டும். இரண்டாம் உலகப் போரில், மின்தேக்கிகளில் பயன்பட்டுவந்த மைக்காவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாற்றுப்பொருள் தேடினார்கள்; அங்கிருந்த கிளென் ஹோவாட், பீங்கான் கூழை மெல்லிய ஏடாக வார்க்கும் முறையைக் கண்டு 1952-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய தொழிற்சாலைகளிலும் வேலை அந்த வழியில்தான் நடக்கிறது. நம் வீட்டு மாடியில் வற்றலுக்குக் கூழ் வார்ப்பதைப் போல, பேரியம் டைட்டனேட் தூளைப் பிசினும் கரைப்பானும் சேர்த்துக் கரைத்து, ஓடும் படலத்தின் மேல் ஊற்றி, கத்தி போன்ற ஓர் அலகால் சீராக இழுத்து உலர்த்துகிறார்கள். வித்தியாசம், அந்த ஏட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருப்பதுதான். அதன் மேல் உலோகப் பசையை அச்சிட்டு, பல நூறு ஏடுகளை அடுக்கி அழுத்தி, துண்டு துண்டாக நறுக்கி, உலையில் சுடுகிறார்கள்.

சிக்கல் உலையில்தான் தொடங்குகிறது, பொறியாளருக்கு வேலையும் அங்கேதான். உள்ளே வைக்கும் உலோகம், பீங்கானைச் சுடும் வெப்பத்தில் காற்றுப் பட்டும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் முற்காலத்தில் விலையுயர்ந்த பலேடியத்தைப் பயன்படுத்தினார்கள். மலிவான நிக்கலை வைத்தால் அது ஆக்சைடாகிவிடும். ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால் நிக்கல் தப்பிக்கும். ஆனால் பேரியம் டைட்டனேட் தன் ஆக்சிஜனை இழந்து, மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று போகும் இந்த முடிச்சை, கால்சியம் சேர்த்தும் தனிமங்களின் விகிதத்தை நுட்பமாக மாற்றியும் அவிழ்த்த ஆய்வை முராட்டாவின் யுகியோ சகாபேயும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் வெளியிட்டனர். 2001 ஜனவரியில் பலேடியம் அவுன்ஸ் ஆயிரம் டாலரைத் தாண்டியபோது, நிக்கல் முறையைக் கைவரப் பெற்றிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு: உலையில் பீங்கானுக்கு முன்பே நிக்கல் சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால், நிக்கல் பசையிலேயே சிறிது பேரியம் டைட்டனேட் தூளைக் கலந்து அதைத் தாமதப்படுத்துகிறார்கள். இதைக் கேட்டபோது ஒரு தேர்ந்த சமையற்காரரின் கைப்பக்குவம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இப்பாடத்தில் பி.டெக். படித்து முடிப்பவர்களை இந்தியாவில் முதலில் அழைக்கும் தொழில்கள் உலைச் செங்கல் (உலைகளின் உட்சுவரில் வைக்கும், வெப்பம் தாங்கும் செங்கல்), ஓடு, கண்ணாடி, சிமெண்டு ஆகியவைதான். மின்தேக்கித் தொழில் அல்ல. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. முராட்டா நிறுவனம் சென்னை அருகே இடம் குத்தகைக்கு எடுப்பதாக 2025-இல் வெளியான செய்தியை உங்கள் மகள் ஆர்வத்துடன் காட்டியிருக்கக்கூடும். அங்கே திட்டமிடப்பட்டது மின்தேக்கிகளைப் பொதிந்து அனுப்பும் வேலையே தவிர, உலையில் சுடும் வேலை அன்று. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அமைச்சரவை மின்னணு உதிரிபாக உற்பத்திக்காக 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது என்பதும் உண்மை. அதனால் விளையும் வேலைகள் அவள் பட்டம் பெறும் ஆண்டிலேயே வந்து நிற்கும் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்பாதீர்கள்.

ஆகவே மின்னணுப் பீங்கான்தான் அவள் குறிக்கோள் என்றால் நான்கு ஆண்டுப் படிப்போடு நிற்க முடியாது என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து, பொறியியல் மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளை, அதற்குள் பொருளறிவியல் பிரிவைத் தேர்ந்து தயாராகி, வாரணாசி ஐ.ஐ.டி.யிலோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ முதுகலைக்குச் செல்வது நல்ல வழி. ஜப்பானிய மொழியை முதலாண்டிலேயே தொடங்கட்டும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு முயலும்போதும், பின்னர் அங்கே வேலை தேடும்போதும் கைகொடுக்கும். இடையில் மனம் மாறினாலும் மேற்சொன்ன உலைச் செங்கல், கண்ணாடித் தொழில்கள் இருக்கின்றன. அவற்றை நான் தாழ்வாகக் கருதவில்லை, எஃகு ஆலை உள்ள வரை உலைச் செங்கல் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

கணினி அறிவியல் கிடைக்காத ஏமாற்றத்தில் அவள் இதைக் கேட்கிறாளா, இதையேதான் கேட்கிறாளா என்பது ஒன்றைத்தான் உங்கள் கடிதத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. முதலாவது என்றால், பட்டியலில் இதை முதலிடத்தில் வைக்க வேண்டாம். வேதியியலும் இயற்பியலும் பிடிக்காதவருக்கு உலையும் தூளும் நான்கு ஆண்டுத் தண்டனையாகிவிடும். இரண்டாவது என்றால், பட்டியலை உறுதிசெய்யும் முன் ஒருநாள் அவளை அழைத்துக்கொண்டு கிண்டியில் உள்ள அந்தக் கல்லூரிக்குச் சென்று, துறையில் அனுமதி பெற்று ஆய்வகத்தைப் பாருங்கள். உலையின் அருகில் நின்று அவள் என்ன கேள்வி கேட்கிறாள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்லுங்கள். வரிசையை அதன்பின் சேர்ந்தே நிரப்புவோம்.