கோடு நிறைய இருக்கிறது, படம் மட்டும் போகவில்லை

இம்முறை வந்த கடிதங்களில் பாதி கைத்தொலைபேசி மீதான கோபம். மீதி, உயர்தர மாணவர்களின் சந்தேகம். பிரித்து வைக்கவில்லை, வந்த ஒழுங்கிலேயே தருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா சாதாரண அழைப்பில் பேசினால் தகரப் பேணிக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. வட்ஸ்அப்பில் எடுத்தால் பக்கத்து அறையில் இருப்பதுபோல் இருக்கிறது. தொலைபேசி ஒன்றுதானே?
வாசகி, வெள்ளவத்தை

தொலைபேசி ஒன்றுதான், வேலி வேறு. பழைய தொலைபேசி வலையமைப்பு குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையான துண்டை மட்டுமே கொண்டு செல்லும். பேச்சு விளங்க அவ்வளவு போதும் என்று அந்தக் காலத்தில் கணக்குப் போட்டார்கள். அந்தத் துண்டை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் (0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்களில்) எழுதினால் நொடிக்கு 64,000 பிட். இலக்கமுறைத் தொலைபேசி முழுவதும் இந்த எண்ணைச் செங்கல்லாக வைத்துக் கட்டப்பட்டது.

வெட்டி எறிந்த இரண்டு ஓரங்களிலும்தான் சுவாரசியம் இருக்கிறது. ஆண் குரலின் அடிப்படை மீடிறன் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸ், பெண் குரலினது 200 ஹெர்ட்ஸ் அளவில். இரண்டுமே 300க்குக் கீழே. அப்படியென்றால் உங்கள் அம்மாவின் அடிக்குரல் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்படவே இல்லை! ஆனாலும் அது அம்மா என்று தெரிகிறது. 400, 600, 800 என்று மேலே வந்து சேரும் மடங்குகளின் இடைவெளியை வைத்து மூளையே 200ஐ நிரப்பிக்கொள்கிறது. அந்த உபகாரத்தை மேல் ஓரத்துக்கு அது செய்வதில்லை. ‘ஸ்’ என்ற சீற்றத்தின் பலம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒன்றுபோலக் கேட்கும். வெள்ளவத்தையில் இருந்து புறப்படும் இரவு பஸ்ஸுக்குத் தொலைபேசியில் இருக்கை பதிந்த ஒருமுறை, என் தலைப்பெழுத்து டிக்கெட்டில் ‘எஃப்’ ஆகிவிட்டது. நடத்துனர் என்னையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதெல்லாம் ‘சிங்கத்துக்கு வருகிற எஸ்’ என்றே சொல்கிறேன்.

இணைய அழைப்பு இந்த வேலிக்குக் கட்டுப்பட்டதல்ல. நான்காம் தலைமுறை வலையமைப்பின் குரல் அழைப்பிலும் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்ப வழி உண்டு. அதற்கு நொடிக்கு 16,000 மாதிரிகள், அதாவது அளவுகள், எடுக்கிறார்கள். ஆனால் இரண்டு முனையும் நடுவில் உள்ள வழியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஒரு முனை பழைய வலையமைப்பில் இருந்தாலும் தகரப் பேணிதான். இரண்டு கைத்தொலைபேசிகளின் அமைப்புகளையும் ஒருமுறை பாருங்கள்.

மாதிரி எடுக்கும் வீதம் மீடிறனைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் போதும் என்று படித்தோம். காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். பிறகேன் இறுவட்டில் 44,100? 40,000 போதாதா, சேர்?
மாணவன், கொட்டாஞ்சேனை

போதாது, தம்பி. இரண்டு மடங்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சரியாக நொடிக்கு 2,000 தடவை அளந்து பாருங்கள். முதல் அளவு அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் விழுந்தால், எல்லா அளவுகளும் பூச்சியமாகத்தான் வரும். அலை இருக்கிறது, தாளில் ஒன்றுமில்லை.

அடுத்தது வடிகட்டி. 8,000 வீதத்தில் அளக்கும்போது உள்ளே 5,000 ஹெர்ட்ஸ் ஒலி நுழைந்தால், அது 3,000 ஹெர்ட்ஸ் என்ற பொய்ப் பெயரில் பதிவாகும். பதிவான பிறகு உண்மையான 3,000 எது, வேடமிட்ட 3,000 எது என்று எவராலும் பிரிக்க முடியாது. பால் கலந்த தேநீரில் பாலைத் தேடுவதுபோல. ஆகவே அளக்கும் முன்பே வடிகட்ட வேண்டும். 20,000 வரை விட்டுவிட்டு அடுத்த ஹெர்ட்ஸிலேயே சுவர்போல மறிக்கும் வடிகட்டி உலகில் இல்லை. அது சரிந்து இறங்க இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த மேலதிகம். ஏன் 44,000 இல்லாமல் 44,100 என்றால், தொடக்கத்தில் ஒலியைப் பதிய வீடியோ நாடாவைப் பயன்படுத்தினார்கள். வீடியோப் படத்தின் ஒரு கோட்டில் 3 மாதிரி, 245 கோடு, நொடிக்கு 60 தடவை: பெருக்கிப் பாருங்கள்.

வேடமிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மூன்று இறகுள்ள மேசை விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, ஆளியை அணைத்ததும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் கமராவில், விசிறி நொடிக்கு 10 சுற்றுக்கு இறங்கும் கணத்தில் இறகுகள் அசையாமல் நிற்கும். அதற்குச் சற்றுக் கீழே வந்ததும் பின்னோக்கிச் சுழலும். இந்த இரண்டு மடங்கு விதிபற்றிப் பொறியியலாளர் நைகுவிஸ்ட் 1928இல் எழுதியதையும் கணிதவியலாளர் ஷனன் 1949இல் நிறுவியதையும் மேசை விசிறி அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

ஆடிவேல் இரதம் கடைக்கு முன்னால் வரும்போது படம் எடுத்து மகளுக்கு அனுப்பப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. படம் போகவே இல்லை. கோடு பொய்யா?
கடைக்காரர், பம்பலப்பிட்டி

கோடு பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறீர்கள். தொலைபேசிக் கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதைத்தான் அது காட்டும். தெருவில் அதே கோபுரத்தை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் கையில் இருக்கும் சிறு கருவி அனுப்புவது அந்தச் சந்தடியில் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதும் தெரியாது.

ஒரு வழியில் நொடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட் அனுப்பலாம் என்று ஷனன் 1948இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம். பட்டை அகலம் (கோபுரம் பயன்படுத்தும் மீடிறன் துண்டு) 20 மெகாஹெர்ட்ஸ், சமிக்ஞை இரைச்சலைப்போல் 1,000 மடங்கு என்று வையுங்கள். உச்ச எல்லை நொடிக்கு ஏறக்குறைய 200 மெகாபிட். இரதம் பார்க்க வந்தவர்களில் 400 பேர் ஒரே நேரத்தில் பங்கு கேட்டால் ஆளுக்கு அரை மெகாபிட், அதுவும் காகிதத்தில். சரி, பலத்தைக் கூட்டினால்? 1,000 மடங்கை 2,000 ஆக்கினாலும் கிடைப்பது இன்னொரு 20 மெகாபிட்தான். சத்தமாகப் பேசுவதால் வரும் இலாபம் அவ்வளவே. பட்டை என்ற தெருவை அகலமாக்கினால்தான் வண்டிகள் நகரும். பக்கத்துக் கோபுரங்களின் அலையும் உங்களுக்கு இரைச்சலாகவே கணக்கில் சேரும்.

கூட்டம் கலைந்த பிறகு அனுப்புங்கள். அவசரமென்றால் குறுஞ்செய்தி.

மழை பெய்தால் கூரை மேல் உள்ள டிஷ் தொலைக்காட்சி உறைந்துபோகிறது, வானொலிக்கு ஒன்றும் ஆவதில்லை.
வாசகர், மட்டக்குளி

பண்பலை வானொலியின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீற்றர். மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் டிஷ்ஷுக்கு வரும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்றிமீற்றர்தான். சில மில்லிமீற்றர் துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமழை என்றால் சொல்லவே வேண்டாம். பழைய தொலைக்காட்சி என்றால் படம் மெல்ல மெல்லப் புள்ளியாகும். இலக்கமுறையில் வழுத் திருத்தம் (கெட்ட பிட்டுகளைச் சரிசெய்யும் முறை) கடைசிவரை சமாளித்துவிட்டு ஒரேயடியாகக் கைவிடும். தூறலுக்கே உறைந்தால் மட்டும் மழையைத் திட்டாதீர்கள். டிஷ்ஷின் திசை விலகியிருக்கும், சரிபார்க்கச் சொல்லுங்கள்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் கியூஆர் ஒட்டியின் ஒரு பகுதி கிழிந்து, மேலே எண்ணெய்க் கறையும் இருந்தது. ஆனாலும் பணம் போய்ச் சேர்ந்தது. எப்படி?
வாசகர், தெஹிவளை

இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அவற்றைக் கொண்டு ஒரு நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டில் ஐந்து புள்ளிகளை அனுப்புங்கள். வழியில் ஒன்று கெட்டால் மற்ற நான்கும் ஒரே கோட்டில் நிற்கும், கெட்டது தனியே விலகி நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ரீட், சொலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட முறையின் கரு இதுதான். கியூஆரில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு. ஏறக்குறைய 7 வீதம் முதல் 30 வீதம் வரை சிதைவைத் தாங்கும். மூலையில் உள்ள மூன்று பெரிய சதுரங்கள் கிழிந்தால் மட்டும் இந்த வித்தை கைகொடுக்காது, கமராவுக்கு ஒட்டி இருக்கும் இடமே தெரியாது. ஒட்டியின் மேல் வேறொருவர் தன் ஒட்டியை ஒட்டிவிட்டாலும் இந்த வித்தை உதவாது, பணம் அவருக்குப் போகும். பணம் அனுப்பு முன் திரையில் வரும் கடைப் பெயரைப் பாருங்கள்.

போட், பிட் வீதம்: இரண்டும் ஒன்றா?
ஆசிரியை, வத்தளை

போட் என்பது நொடிக்கு அனுப்பும் குறியீடுகளின் எண்ணிக்கை. ஒரு குறியீட்டில் ஒரே பிட் இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்று. 64 நிலைகள் உள்ள குறியீடு என்றால் ஒவ்வொன்றிலும் 6 பிட். நொடிக்கு பத்து லட்சம் குறியீடு அனுப்பினால் அறுபது லட்சம் பிட். போட் மட்டும் பத்து லட்சமாகவே இருக்கும். பிள்ளைகள் அதையும் ஆறால் பெருக்கிவிடுகிறார்கள்.