படகு வயரிங்: "மரைன் கிரேடு" முத்திரையை நம்பலாமா?

கேள்வி: என்னுடைய பதினெட்டு அடிப் படகில் 12 வோல்ட் பேட்டரி உள்ளது. ஒரே ஆண்டில் வயர்கள் உள்ளே கறுத்து, விளக்குகள் மங்கிவிட்டன. சரிசெய்ய வந்தவர், "மரைன் கிரேடு" (கடலுக்கு ஏற்ற தரம்) வயரிங் தொகுப்பு என்று ஒன்றை இரு மடங்கு விலை சொல்லி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: தொகுப்பாக வாங்காதீர்கள். அந்த இரண்டு சொற்களை யார் வேண்டுமானாலும் அட்டைப் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். உண்மையான தரம் எது என்று விளக்கும் ஆவணங்களையோ, சிறு படகு வைத்திருப்பவரும் பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் வைத்திருக்கிறார்கள். இடைத்தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

உங்களுக்கு வேண்டியது, ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட செம்பு வயர். பூச்சில்லாத செம்பில் உப்பு ஈரம் இழையோடு இழையாக உள்ளே ஏறிக் களிம்பு பிடிக்கும். வீட்டுக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி படகின் அதிர்வில் முறிந்துவிடும். இதைவிடப் பெரிய மோசடி, செம்பு முலாமிட்ட அலுமினியத்தை முழுச் செம்பு என்று விற்பது. ஓர் இழையைக் கத்தியால் ஆழமாகச் சுரண்டுங்கள். மேலே வெள்ளையாக இருந்தாலும் நடுவில் சிவப்பாக இருக்க வேண்டும். நடுவே வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தடிமனைத் தூரம் பார்த்து முடிவுசெய்யுங்கள். பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு, மின்சாரம் போய்த் திரும்பும் 12 மீட்டரையும் கணக்கிட்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய அரை வோல்ட் இழப்பு ஏற்படும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது 0.3 வோல்ட்டாகக் குறையும். படகு இருப்பதைப் பிறருக்குக் காட்டும் வழிகாட்டி விளக்குகளுக்கு இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் தடிமனானதையே போடுங்கள்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுபவரை வேலைக்கு வைக்காதீர்கள். உள்ளே பசை உள்ள, சூடேற்றினால் சுருங்கும் உறையுடன் கூடிய லக்குகளை, அதாவது வயர் நுனியில் மாட்டும் உலோக முனைகளை, சரியான கருவியால் அழுத்திப் பிடிக்கவைத்து (கிரிம்ப்) இணைக்க வேண்டும். சுவிட்சின் மேல் ஐபி67 என்ற நீர், தூசுத் தடுப்புக் குறியீடு இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

ஃபியூஸை பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் வையுங்கள். எல்லாம் மெயின் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும்; படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப்பின் மிதவை சுவிட்ச் மட்டும் விதிவிலக்கு. மெயினை அணைத்துவிட்டு நீங்கள் வீடு திரும்பிய பிறகும், இரவு மழையில் நீர் ஏறினால் பம்ப் தானாக ஓடியாக வேண்டும். ஆகவே அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுங்கள், தனி ஃபியூஸ் போடுங்கள், அந்த ஃபியூஸின் அளவைப் பம்ப்பின் மேல் எழுதியிருப்பதற்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும், பணம் கொடுக்கும் முன், மெயினை அணைத்துவிட்டு மிதவையைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்று வேலை செய்தவர் எதிரிலேயே பாருங்கள்.