ஜோடியில் பெரியது யார்? கோமாளி மீன் கேள்விகள்

எங்க வீட்டு போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்புங்க. கோமாளி மீன் கடல் மீன்தானே, அதிலேயே விடலாமா? (திருப்பூர் வாசகர்)

கொங்கு நாட்டிலிருந்து மட்டுமே வரக்கூடிய கேள்வி! விட்டுவிடாதீர்கள். நாம் 'உப்புத் தண்ணி' என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து ஏறிய நீர். லிட்டருக்கு 2 கிராம் உப்புகள் கரைந்திருந்தாலே வாய்க்கு ஆகாது. கடல் நீரிலோ சுமார் 35 கிராம். சமையல் உப்பை அள்ளிப் போட்டும் ஈடுகட்ட முடியாது. கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில், மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவில் ரெண்டு வாங்கினேன். ஒன்று பெருத்துவிட்டது, சின்னதை விரட்டிக்கொண்டே இருக்கிறது. பெரியது ஆணா? (கோபி வாசகர்)

பெண். ஆனால் நீங்கள் வாங்கிய அன்று அது பெண்ணாக இருந்திருக்காது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் முதிரும். ஒரு கடல் சாமந்தியில் (சீ அனிமோன்: பூப்போலத் தெரியும், கொட்டும் கடல் பிராணி) குடியிருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது மட்டும் பெண். அடுத்த பெரியது அதன் துணை. மீதியெல்லாம் இனப்பெருக்கத்தில் பங்கில்லாத சின்னவை. அந்தச் சின்னவை தங்களுக்கு மேலே உள்ளதைவிடப் பெருத்துவிடாமல் வளர்ச்சியை அடக்கியே வைத்திருக்கும். பெருத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும், பவளத்திட்டில் வீடில்லாத கோமாளி மீன் பிறருக்கு இரை.

பெண் செத்துப்போனால் துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறும். சின்னவற்றில் பெரியது ஆண் பதவிக்கு ஏறும். பெண்ணானது மறுபடி ஆணாகாது. அதனால்தான் வளர்ந்த பெண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை நடக்கும்.

உங்கள் சின்ன மீன் பெரியதன் முன்னால் உடம்பை நடுக்குகிறதா? அது 'நீதான் பெரியவள்' என்று பணிவது, காய்ச்சல் இல்லை. துடுப்பு கிழிந்தால் மட்டும் பிரித்து வையுங்கள்.

கடல் சாமந்தி மற்ற மீனையெல்லாம் கொட்டுகிறதே, இதை மட்டும் ஏன் விடுகிறது? (பொள்ளாச்சி, எட்டாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி, அம்மணி. மீன்களின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பில் சியாலிக் அமிலம் என்றொரு சர்க்கரை இருக்கும். கோமாளி மீனின் வழவழப்பில் அது மிகமிகக் குறைவு. அதனால் கொட்டும் செல்கள் தூண்டப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குஞ்சாக இருக்கும்போது அந்தச் சர்க்கரை இருக்கும், அப்போது சாமந்தி அதையும் கொட்டும். உருமாறி சாமந்தியில் குடியேறும் பருவத்தில்தான் குறைகிறது.

வாடகையும் உண்டு! சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீனை இது விரட்டும். இதன் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்தியின் உடலுக்குள் வாழும் பாசிகளுக்கு உரம். அந்தப் பாசிகளுக்குப் பலமான வெளிச்சம் வேண்டும். அதனால் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சாமந்தியை வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே நன்றாக இருக்கும்.

ராமேஸ்வரம் போகும்போது பிடித்து வரலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளத்துண்டு ஒன்றை எடுத்தால்கூட வனவிலங்குச் சட்டம் பாயும்.

ஈரோட்டு வெயிலில் தொட்டி 32 டிகிரி போகிறது.

25 முதல் 28 நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். எனவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். கரன்ட் போனால் காற்று மோட்டார் ஓட இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

முட்டை போட்டது. ஒரு வாரத்தில் காணோம், ஆண் மீன் தின்றுவிட்டதா? (கரூர் வாசகர்)

முதல் ஈடு என்றால் தின்றிருக்கலாம், அனுபவமில்லாத அப்பன்கள் அப்படித்தான். ஆனால் ஆரஞ்சு நிற முட்டைகள் வெள்ளியாக மாறிக் கண் தெரிந்த பிறகு காணாமல் போனதென்றால், பொரித்திருக்கின்றன, வடிகட்டி இழுத்துக்கொண்டது. பொரிப்பது ஆறிலிருந்து எட்டு நாளில், விளக்கணைந்து சற்று நேரத்தில். அதுவரை தந்தைதான் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும்.

குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர், தூள் தீனி ஆகாது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளிக் குஞ்சுகளை வளர்த்தெடுத்திருக்கிறார்கள், ஆகாத காரியமில்லை. அடுத்த ஈட்டில் ஆறாம் நாளிலிருந்தே இருட்டியதும் மோட்டாரை நிறுத்தி, ஒரு மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைத் தேடி வரும்.