1922 நவம்பர்: கல்லறைக்கு எந்தத் தேதி சரி?

வணக்கம். தாத்தாவின் நினைவு மலருக்கு அவர் பிறந்த மாதத்தைத் தொகுக்கிறீர்கள். பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்ததற்கு நவம்பர் 4, 26 என இரண்டு தேதி வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

4ஆம் தேதி கிடைத்தது ஒரு படிக்கட்டின் முதல் படி மட்டும். அடுத்த நாளே முத்திரையிட்ட வாசல் தெரிந்தும், அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் குழியை மூடச் சொல்லிவிட்டு, பணம் போட்ட கார்னர்வன் பிரபு இங்கிலாந்திலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். என்ன பொறுமை பாருங்கள்! 26ஆம் தேதிதான் இரண்டாவது கதவில் துளையிட்டு மெழுகுவர்த்தியை நீட்டினார். உள்ளே அடைபட்டிருந்த வெப்பக் காற்று வெளியேறியதில் சுடர் படபடத்ததாம். மலரில் இந்தக் காட்சியையே பெரிதாகப் போடுங்கள்.

அப்புறம், நவம்பர் 1இல் துருக்கியில் சுல்தான் ஆட்சி ஒழிந்தது. 14இல் லண்டனில் பிபிசி ஒலிபரப்பு தொடங்கியது.

பிறந்தநாள் வரிசையில் கிறிஸ்டியன் பர்னார்டை விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நவம்பர் 8இல் பிறந்தவர்; 1967இல் மனிதருக்கு மனித இதயத்தை முதன்முதலில் மாற்றிப் பொருத்தியவர். தாத்தாவுக்கு இதைவிட நல்ல சமவயதுக்காரர் கிடைப்பாரா?