கும்பகோணத்தில் நள்ளிரவு, குழந்தைக்கு நண்பகல்
குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எட்டு மாதப் பெண் குழந்தையுடன் பொங்கலுக்குக் கும்பகோணத்தில் உள்ள மாமியார் வீட்டுக்கு வருகிறோம். வந்து இறங்கிய மூன்றாம் நாளே குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதற்குப் பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். இந்தியா சென்று வந்த தோழிகள், தங்கள் குழந்தைகள் ஒரு வாரம் இரவெல்லாம் விழித்திருந்து அழுததாகச் சொல்கிறார்கள். புறப்படும் முன்பே அவளைப் பழக்க முடியுமா?
– ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: ஜனவரியில் நியூஜெர்சியைவிட நம் நேரம் 10.30 மணி நேரம் முந்தியது. உங்கள் மகள் அங்கே இரவு 7.30 மணிக்கு உறங்கிக் காலை 6.30 மணிக்கு எழுபவள் என்று வைத்துக்கொண்டால், கும்பகோணத்துக் கடிகாரப்படி அவளுடைய இரவு காலை 6 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குத்தான் முடிகிறது. வீடு அடங்கி எல்லாரும் படுத்துவிட்ட இரவு 12 மணி, அவளுடைய உடலுக்குப் பகல் 1.30 மணி. அந்த நேரத்தில் அவள் விழித்திருப்பதும், பசித்து அழுவதும், விளையாட ஆள் தேடுவதும் நோயல்ல, பிடிவாதமும் அல்ல.

புறப்படுவதற்கு முன் நாளுக்கு அரை மணி நேரமாக உறக்கத்தை முன்னுக்குத் தள்ளினால், நான்கு நாளில் 2 மணி நேரம் மிச்சமாகும். பெட்டி கட்டும் பரபரப்புக்கு நடுவே அதற்காகக் குழந்தையை அலைக்கழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நன்றாக உறங்கிய குழந்தையாக விமானத்தில் ஏறட்டும். வழியில் எப்போது உறக்கம் வந்தாலும் உறங்கட்டும். விமானம் இறங்கத் தொடங்கும்போது மட்டும் பால் கொடுங்கள். விழுங்கும்போது காதடைப்பு விலகும். முன்கூட்டியே தயாராக வேண்டியது குழந்தையல்ல, கும்பகோணத்து வீடு.

உறக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் கடிகாரம் மூளையில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சமே அதைத் திருத்தி வைக்கும் முதன்மையான கருவி; ஆனால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் அது நகராது. இங்கே பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. உடல் தன் நள்ளிரவில் இருக்கும்போது கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கும். உடலின் விடியலை ஒட்டிப் படும் வெளிச்சமே அதை முன்னுக்குத் தள்ளும். உங்கள் மகளின் உடலுக்கு முதல் நாளில் விடியல் என்பது நம் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் காலை இளவெயில் காட்டுகிறோம் என்று அவளை வாசலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். அதற்குப் பதிலாக 3.30 மணி முதல் பொழுது சாயும் வரை மொட்டை மாடியிலோ திண்ணையிலோ வைத்திருங்கள். நாள் செல்லச் செல்ல இந்த வெளிச்ச நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முற்பகலுக்குக் கொண்டுவாருங்கள்.

பகலில் அவள் அடித்துப் போட்டாற்போல் உறங்குவாள். அதை முழுவதும் தடுக்கவும் கூடாது, மாலை வரை அப்படியே விடவும் கூடாது. இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆனதும் ஜன்னலைத் திறந்து, முகத்தைத் துடைத்து, மெதுவாக எழுப்பிக் கொஞ்சம் இட்லியோ பருப்புச் சாதமோ ஊட்டுங்கள். வேளைப்படி கிடைக்கும் உணவும் உடலுக்கு நேரத்தை உணர்த்தும். திட உணவு பகலோடு நிற்கட்டும். இரவில் பசித்தால் பால் மட்டும் போதும். முதல் சில இரவுகளின் பசி உண்மையான பசி என்பதால் அதை மறுக்காதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவரானால், நீங்களும் மாலை வெளிச்சத்தில் அவளோடு இருங்கள். உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாயின் உடல் வைத்திருக்கும் நேரக் கணக்குப்படி இரவுப் பாலில் கூடுதலாகச் சுரந்து குழந்தையைச் சேர்கிறது.

இரவில் அவள் எழுந்துகொண்டால் விளக்கைப் போடாதீர்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் கூடாது. மங்கலான வெளிச்சத்தில், தாழ்ந்த குரலில், படுக்கையறைக்குள்ளேயே பொழுது கழியட்டும். நீங்களும் உங்கள் கணவரும் முறை வைத்து விழித்திருங்கள். ஒரு முறையை மாமியாரும் ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு நான்கு மணி நேரமாவது தொடர்ச்சியான உறக்கம் கிடைக்கும். அமெரிக்காவில் அவள் உறங்கும் விரிப்பைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். பழகிய வாசனை அவளுக்குப் பெரிய ஆறுதல். பகலில் யாராவது அருகில் இருக்கும்போது தூளியில் ஆட்டலாம். எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தை தூளியிலிருந்து விழக்கூடும் என்பதால் இரவு உறக்கம் சமமான, உறுதியான படுக்கையில்தான் இருக்க வேண்டும்.

காதுகுத்தைத் தள்ளி வையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. கோயில் பயணம், மொட்டை, காது வலி, உறவினர் கூட்டம் ஆகிய அனைத்தும் அவள் உடல் ஆழ்ந்து உறங்கக் கேட்கும் முற்பகலில் வந்து விழுகின்றன. எட்டு, பத்து நாள் கழித்து ஒரு நல்ல நாள் பார்த்தால் அதே சடங்கு எல்லாருக்கும் மகிழ்ச்சியாக அமையும். இதை வந்து இறங்கியபின் சொல்லாமல், இப்போதே உங்கள் கணவர் தம் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசுவது நல்லது. முதல் வாரம் குழந்தையைப் பார்க்க வருபவர்களை மாலையில் வரச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளட்டும். இரவு அழுகையைப் பார்த்து உரம் விழுந்துவிட்டது என்று கருதி, சேலையில் போட்டு உருட்ட யாராவது முன்வரலாம்; அன்பினால்தான் செய்கிறார்கள் என்றாலும், கழுத்துக்கு ஆபத்தான அந்தச் செயலுக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அதை நேர மாற்றத்தின் கணக்கில் எழுதாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விமானத்தில் குழந்தை உறங்குவதற்காகச் சளி மருந்தைக் கொஞ்சம் கொடுக்கலாம் என்கிறார்களே? வீட்டில் ஜாதிக்காய் உரசிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். சளி மருந்தில் உள்ள உறக்க மூட்டும் பொருள் சில குழந்தைகளை உறங்க வைப்பதற்கு மாறாகப் படபடக்க வைக்கும். அளவு மிஞ்சினால் மூச்சையே தாழ்த்திவிடும். ஜாதிக்காயும் வசம்பும் இயற்கைப் பொருள்கள்தாம் என்றாலும், கைக்குழந்தையின் உடலுக்கு அவை நஞ்சாகக்கூடும். அவற்றைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரலாம். அமெரிக்கக் கடைகளில் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மெலடோனின் சொட்டுகளும் கைக்குழந்தைகளுக்கு உரியவை அல்ல.

கேள்வி: ஒரு வயது மகனுடன் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஒரு திருமணத்துக்காக ஐந்து நாள் வருகிறோம். அவன் உறக்க நேரத்தை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: வேண்டாம். வித்தியாசம் 2.30 மணி நேரம்தான். பழகி முடிப்பதற்குள் திரும்பிவிடுவீர்கள். வீட்டில் இரவு 8 மணிக்கு உறங்குபவனுக்குத் திருச்சியில் மாலை 5.30 மணிக்கே கண் சொக்கும். அப்போதே உறங்க வையுங்கள். விடியற்காலை 4 மணி வாக்கில் உற்சாகமாக எழுந்துவிடுவான். முகூர்த்தம் அதிகாலையில் என்றால் அவனைத் தயங்காமல் மண்டபத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாலை வரவேற்புக்கு மட்டும் அவனை எழுப்பிக் கொண்டுபோகாமல், யாராவது ஒருவர் அறையில் அவனுடன் தங்கிவிடுங்கள்.